ஒற்றை மீன் கிடைக்கும் நாள்

பூம்புகாருக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கடலைப் பார்த்துக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "பழைய ஊர் எந்தப் பக்கம் இருந்தது?" சுண்டல் விற்கிற பையன்கூடத் தயங்காமல் கிழக்கே கை நீட்டுகிறான். அந்தத் திசையில் அலையும், கரை திரும்பும் இரண்டு ஃபைபர் படகுகளும்தான் தெரிகின்றன. ஊர் இருந்ததற்குச் சான்று வேண்டும் என்பவர்கள் சற்று உள்ளே தள்ளிக் கீழையூருக்குப் போக வேண்டும். 1960-களின் தொடக்கத்தில் தொல்லியல் துறை அங்கே தோண்டியபோது செங்கல்லால் கட்டிய படகுத்துறையும், படகைக் கட்டிவைக்க நட்ட மரத்தூண்களின் அடிக்கட்டைகளும் வெளிவந்தன. சுற்றிலும் இப்போது வயல்.

ஊர் ஏன் மூழ்கியது என்பதற்குத் தமிழில் பழைய விடை ஒன்று உண்டு. மணிமேகலை சொல்லும் விடை அது. சோழ மன்னனுக்கும் நாக நாட்டு இளவரசி பீலிவளைக்கும் பிறந்த குழந்தையைக் கம்பளச் செட்டி என்ற வணிகன் கப்பலில் ஏற்றி வருகிறான். இரவில் கப்பல் உடைகிறது, குழந்தையைக் காணவில்லை. பிள்ளையைத் தேடி அலைந்த மன்னனுக்கு இந்திர விழா மறந்துபோகிறது. விழா நின்றதால் மணிமேகலா தெய்வம் சபிக்க, கடல் ஊருக்குள் வருகிறது. இன்று படிக்கிறவருக்கு இந்த இடம் நெருடாமல் போகாது. கடலில் பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பன் திருவிழா எடுக்கவில்லை, அதற்கு ஊரே பலி என்றால், அது யார் போட்ட கணக்கு?

இதே மணிமேகலா தெய்வம்தான், கோவலனின் முன்னோன் ஒருவன் கலம் உடைந்து நடுக்கடலில் தத்தளித்தபோது அவனைக் கரை சேர்த்தது. அந்த நன்றிக்காகத்தான் கோவலனுக்கும் மாதவிக்கும் பிறந்த மகளுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். காப்பாற்றியதும் அழித்ததும் ஒரே தெய்வம். காவியத்தை எழுதிய சீத்தலைச் சாத்தனார் இதற்குச் சமாதானம் எதுவும் சொல்வதில்லை. அவர் மணிமேகலையின் கையில் ஒரு பாத்திரத்தைக் கொடுத்துத் தெருவுக்கு அனுப்புகிறார். ஆதிரை அதில் முதல் பிச்சையை இடுகிறாள். தீராப் பசியால் வாடும் காயசண்டிகையின் வயிறு குளிர்கிறது. கடைசியில் சிறைச்சாலையே அறச்சாலை ஆகிறது. கடல் ஏன் வந்தது என்ற கேள்விக்கு இந்தக் காவியம் தரும் விடை சுமார்தான். பசித்தவர் எதிரே நின்றால் என்ன செய்வது என்பதற்கு அது தரும் விடையில் குழப்பமே இல்லை.

பூம்புகாரிலிருந்து கடலை ஒட்டித் தெற்கே வேளாங்கண்ணி வரை போகிற பயணிக்கு இந்த இரண்டு விடைகளும் மாறி மாறி எதிர்ப்படும். மூன்று மதங்களின் கோபுரங்களும் அடுத்தடுத்து நிற்கிற கரை இது. கடல் கொடுத்ததையும் எடுத்ததையும் ஒவ்வொரு ஊரும் தன் சாமியின் பெயரில்தான் எழுதி வைத்திருக்கிறது.

கடைசியாக எடுத்தது 2004 டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், மார்கழிப் பௌர்ணமி. சுமத்ரா அருகே இந்திய நேரப்படி காலை ஆறரை மணிக்குக் கடலடி நிலம் அதிர்ந்தது. அலை இங்கே வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அவ்வளவு நேரம் இருந்தும் யாரும் யாருக்கும் சொல்லவில்லை. சொல்வதற்கு ஓர் அமைப்பு இல்லை. ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது 2007-ல்தான். அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் இறந்தவர்கள் 6,000-க்கும் அதிகம். தமிழகத்தின் மொத்த இழப்பில் முக்கால் பங்கு இந்த ஒரு மாவட்டத்தின் தலையில் விழுந்தது.

அன்று ஆழ்கடலில் இருந்த படகுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆழத்தில் சுனாமி தலை தூக்குவதில்லை. படகு லேசாக ஏறி இறங்கியிருக்கும், அவ்வளவுதான். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள், மீன் எடுக்கக் கூடையோடு காத்திருந்த பெண்கள், ஞாயிறு விடுமுறைக்கு மணலில் ஆடிய பிள்ளைகள், இவர்கள்தான் போனார்கள். கடலுக்குப் போனவர் பத்திரமாகத் திரும்ப வேண்டும் என்று காலம் காலமாக வேண்டிக்கொண்ட குடும்பங்கள் அவை. வேண்டுதல் பலித்தது. திரும்பி வந்தவருக்கு வீடு இல்லை.

தரங்கம்பாடியில் அலைக்கு மிக அருகே நிற்பது மாசிலாமணிநாதர் கோயில். 14-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. அப்போது ஊர் சடங்கன்பாடி. கோயிலின் முன்பகுதியைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. மிச்சமிருந்த கற்களின் மேல் அலை மோதித் தெறிக்கும் பழைய படத்தைப் பார்த்தவர்களுக்கு, புதுப்பித்து வண்ணம் பூசிய இப்போதைய கோயில் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருக்கும். ஆனால் விளக்கு எரிகிறது. படகுக்காரர்கள் நெற்றியில் திருநீற்றோடு வெளியே வருகிறார்கள். இடிபாடு அழகாக இருந்தது என்பது பார்க்க வந்தவரின் கவலை. கும்பிட வந்தவருக்கு அது இல்லை.

சில நடை தள்ளி டேனிஷ்காரர்களின் டான்ஸ்போர்க் கோட்டை. தஞ்சை ரகுநாத நாயக்கரோடு 1620-ல் செய்த உடன்படிக்கையில் பிறந்தது. கடலைப் பார்த்த மதில், வெக்கை தேங்கும் கீழ் அறைகள். 1708 நவம்பரில் இந்தக் கோட்டையில் ஒரு பாதிரியாரை அடைத்தார்கள். அடைத்தவர் வேற்று மதத்து அரசர் யாரும் இல்லை; அவரை இங்கே அனுப்பிய டென்மார்க் மன்னரின் கொடி பறந்த அதே கோட்டையின் தலைவர்தான். பர்த்தலோமேயு சீகன்பால்க் 1706 ஜூலை 9 அன்று வந்து இறங்கியபோதும் அவரை வரவேற்க யாரும் இல்லை. 24 வயதுகூட நிரம்பாத ஜெர்மானியர், நோஞ்சான் உடம்பு. திண்ணைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் 'அ' எழுதிக் கற்றார். இரண்டே ஆண்டில் ஓலைச்சுவடிகளைத் தேடிச் சேர்த்துத் தமிழ் நூல்களுக்கு ஒரு பட்டியலே போட்டார். ஏழைகளுக்காகப் பரிந்து பேசப்போய்க் கோட்டைத் தலைவரோடு மோதல் முற்றிச் சிறைக்குப் போனார். நான்கு மாதம் உள்ளே.

வெளியே வந்த பிறகும் ஒன்றும் சுலபமாக நடக்கவில்லை. லண்டனிலிருந்து அச்சு இயந்திரம் புறப்பட்டது. வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்தார்கள். இயந்திரம் மீண்டது, கூட வந்த அச்சாளர் யோனாஸ் ஃபின்க் வழியிலேயே இறந்தார். இயந்திரம் மட்டும் வந்து சேர்ந்தது. பிறகு ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்துகள் வார்த்து வந்தன. அவை காகிதத்தை விழுங்கும் அளவுக்குப் பெரிதாக இருந்தன. சின்ன எழுத்து வார்க்க ஈயம் வேண்டும். இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் ஈய மூடிகளை உருக்கி வார்த்தார்கள் என்பது இந்த ஊரில் சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதை. புதிய ஏற்பாடு தமிழில் 1715-ல் முழுமையாக அச்சாகி வந்தது. ராஜ வீதியில் புதிய எருசலேம் ஆலயம் 1718-ல் எழுந்தது. மறு ஆண்டு பிப்ரவரியில் சீகன்பால்க் 36 வயதில் இறந்தார். பலிபீடத்துக்கு முன்னாலேயே கல்லறை.

ஆலயத்துக்குள் போகிற பயணிகள் கல்லறைக் கல்லைப் படம் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுகிறார்கள். சீகன்பால்கின் இன்னொரு தோல்வியையும் அங்கே நினைக்கலாம். தென்னிந்தியத் தெய்வங்களின் வம்சாவளி என்று 1713-ல் ஒரு நூல் எழுதினார். ஐயனாரையும் எல்லம்மனையும் மாரியம்மனையும் யார் யார் எப்படிக் கும்பிடுகிறார்கள் என்று கேட்டுக் கேட்டு எழுதியது. ஊரார் கும்பிடும் சாமிகளை ஒழிக்க வந்தவர், அந்தச் சாமிகளைப் பற்றி அவ்வளவு பொறுமையாக எழுதியதை ஹாலேயில் இருந்த மிஷன் பெரியவர்கள் ரசிக்கவில்லை. கைப்பிரதி கிடப்பில் போனது. அச்சானது 1867-ல், சென்னையில். நூற்றைம்பது ஆண்டு கழித்து.

தரங்கம்பாடி வழியாக வந்த இன்னொரு ஜெர்மானியரின் கதை, இந்தப் பயணத்துக்கு இன்னும் நெருக்கமானது. கிறிஸ்தியான் ஃபிரெடரிக் சுவார்ட்ஸ் 1750-ல் இங்கே வந்து, பிறகு திருச்சியிலும் தஞ்சாவூரிலும் வாழ்ந்தவர். 1781-ல் ஹைதர் அலியின் குதிரைப்படை தஞ்சைச் சீமையைச் சூறையாடியது. தஞ்சைக் கோட்டைக்குள் பஞ்சம். கிராமங்களில் நெல் இருந்தது. ஏற்றி வர மாடு இல்லை. மாடு வைத்திருந்தவர்களும் தர மறுத்தார்கள், ஏனென்றால் முன்பு கொடுத்ததற்கே அரசாங்கம் காசு தரவில்லை. மன்னர் சொல் எடுபடவில்லை, கிழக்கிந்தியக் கம்பெனி சொல்லும் எடுபடவில்லை. "நான் தருகிறேன்" என்று சுவார்ட்ஸ் சொன்னதும் ஓரிரு நாளில் ஆயிரம் மாடுகள் சேர்ந்தன. 80,000 கலம் நெல் கோட்டைக்குள் வந்தது. சொன்னபடி காசும் கொடுத்தார். தஞ்சைக் குடியானவர்களில் பெரும்பாலோர் அவருடைய மதத்தைத் தழுவவில்லை. அவர் சொல்லை நம்பினார்கள். அவர் நினைவாக இரண்டாம் சரபோஜி மன்னர் வைத்த பளிங்குச் சிற்பம் தஞ்சையில் இன்றும் இருக்கிறது; இங்கிலாந்தில் ஃபிளாக்ஸ்மன் செதுக்கியது.

தரங்கம்பாடியைத் தாண்டினால் காரைக்கால் எல்லை. கொஞ்சம் மேற்கே விலகினால் திருநள்ளாறு. கெட்ட காலத்துக்கென்றே ஓர் ஊர் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இருக்கிறது என்றால் அது இதுதான், புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் இருந்தாலும். நளன் நாடிழந்து, மனைவியைப் பிரிந்து, வேற்று மன்னனிடம் சமையற்காரனாக வேலை பார்த்து, கடைசியில் சனியின் பிடியிலிருந்து விடுபட்டது இங்கே என்பது தலபுராணம். நளதீர்த்தக் கரையில் விடியலுக்கு முன்பே நல்லெண்ணெய் வாசனை. தலையில் எண்ணெயைத் தப்பிக்கொண்டு மூழ்கி எழுகிறவர்கள், உடுத்திய துணியைக் கரையிலேயே விட்டுவிட்டுப் புதுத்துணி மாற்றிக்கொள்கிறார்கள். துணி விற்பவரும் எள் தீபம் விற்பவரும் கடைபோட்டிருக்கிறார்கள். இங்கே யாரும் யாரையும் "என்ன கஷ்டம்?" என்று கேட்பதில்லை. ராசியைச் சொன்னால் போதும். "ரெண்டாவது சுத்தா? பொங்கு சனி. பயப்படாதீங்க" என்று வரிசையில் பின்னால் நிற்பவர் ஆறுதல் சொல்லிவிடுவார்.

சோதிடத்தை நம்பாதவர்கள் இதைப் பார்த்துச் சிரிக்கலாம். ஆனால் ஏழரை ஆண்டு என்று ஒரு கெடு இருப்பதில் உள்ள நிம்மதியைச் சிரிக்கிறவரும் மறுக்க முடியாது. கடனோ கோர்ட்டு வழக்கோ எப்போது தீரும் என்று வக்கீலாலும் சொல்ல முடியாதபோது, பஞ்சாங்கம் தேதி போட்டுக் கொடுக்கிறது. இதில் ஒரு வேடிக்கை: கோயிலின் மூலவர் தர்ப்பாரண்யேஸ்வரர். சம்பந்தர் பாடிய இந்தத் தலத்துப் பதிகம் மதுரையில் நெருப்பிலிட்டும் வேகாமல் பச்சையாக இருந்ததாகச் சைவர்கள் போற்றுகிறார்கள். சனி இங்கே வாசல் பக்கத்து மாடத்தில் நிற்கிறவர்தான். கூட்டமோ அவருக்கு. கஷ்டகாலத்தில் மனிதர்கள் வீட்டுக்காரரை விட்டுவிட்டுக் காவல்காரரிடம்தான் முதலில் பேசுகிறார்கள்.

காரைக்கால் ஊருக்குள் பாரதியார் வீதியில் அம்மையார் கோயில். புனிதவதி என்ற வணிகர் வீட்டுப் பெண், கணவன் தந்த மாங்கனியை அடியாருக்குக் கொடுத்துவிட்டு, இறைவனிடம் இன்னொன்று கேட்டுப் பெற்றவர். அந்த அற்புதம் அவர் வாழ்க்கையைச் சீராக்கவில்லை, கெடுத்தது. மனைவி மானிடப் பெண்ணில்லை என்று அஞ்சிய கணவன் பரமதத்தன் கப்பலேறிப் போய், வேறு ஊரில் வேறு மணம் செய்துகொண்டான். கணவனுக்காகச் சுமந்த அழகு இனி எதற்கு என்று அதைக் கழற்றி வைத்துப் பேய் உருவை வேண்டிப் பெற்றார் அம்மையார். மற்ற நாயன்மார்கள் நிற்க இவர் மட்டும் அமர்ந்திருப்பதைச் சிவன் கோயில்களில் காணலாம். ஆனிப் பௌர்ணமியில் பிட்சாடனர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழங்கள் பறக்கும். பிடிப்பதற்கு நடக்கும் தள்ளுமுள்ளைப் பார்த்தால், கைவிடப்பட்ட ஒரு பெண்ணின் கதையை அங்கே யாரும் நினைத்துப் பார்ப்பதாகத் தெரியவில்லை. பிள்ளைப்பேறு வேண்டி முந்தானையை ஏந்துகிற பெண்கள் ஒருவேளை நினைக்கலாம்.

நாகூர் தர்காவின் மனோராக்கள் ஊர் வருவதற்கு வெகு முன்பே தெரிந்துவிடும். மொத்தம் ஐந்து. எல்லாவற்றிலும் உயர்ந்தது 131 அடி. கட்டித் தந்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். தர்காவில் அடங்கியிருக்கும் ஷாகுல் ஹமீது ஆண்டவரைக் கடலோடிகள் தங்கள் காவலராகக் கொண்டதற்கு ஒரு கதை சொல்வார்கள். ஆண்டவருக்கு நாவிதர் சவரம் செய்துகொண்டிருக்கிறார். திடீரென்று கையிலிருந்த கண்ணாடியை ஆண்டவர் வீசி எறிகிறார். நடுக்கடலில் ஓட்டை விழுந்து தண்ணீர் ஏறிக்கொண்டிருந்த கப்பலின் துவாரத்தில் அது போய் ஒட்டிக்கொள்கிறது. இந்தக் கதையைச் சுமந்துகொண்டு தமிழ் முஸ்லிம் வணிகர்கள் போன இடமெல்லாம் ஆண்டவருக்கு நினைவிடம் எழுந்தது; சிங்கப்பூர் தெலுக் ஆயர் தெருவில் 1820-களின் இறுதியில் கட்டத் தொடங்கியது இன்னும் நிற்கிறது.

தர்கா வாசலில் மெல்லிய உலோகத் தகடுகள் விற்கிறார்கள். கண், கை, கால், வீடு, தொட்டில், படகு. கால்வலிக்காரர் கால் தகட்டை வாங்குகிறார். படகுத் தகட்டைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தால் பாய்மரம் புடைத்துத் தெரியும். இன்று யாரும் பாய் விரித்துப் போவதில்லை. தகடு அடிக்கிற அச்சு மட்டும் மாறவில்லை. வாங்குகிறவர்களில் மஞ்சள் தாலியோடு வருகிற பெண்களும் உண்டு. திருநீறு பூசிய நெற்றிக்கு மேல் மயில்பீலி தொட்டு எடுக்கப்படுகிறது.

கண்ணாடியை எறிந்து கப்பலைக் காப்பாற்றியவரின் ஊருக்கு உள்ளேயும் 2004-ல் கடல் வந்தது. நாகூர்க் கரையில் ஒதுங்கிய உடல்களுக்குத் தர்காவைச் சேர்ந்தவர்கள் குழி வெட்டினார்கள். யார் எந்த மதம் என்று பிரிக்க நேரமும் இல்லை, வழியும் இல்லை. இதே நாட்களில் வடக்கே பரங்கிப்பேட்டையில் முஸ்லிம் ஜமாஅத் சுற்றுப்புற மீனவக் கிராமங்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது. பெரும்பாலும் இந்துக்களான மக்களுக்கு அண்டாவில் சோறு பொங்கியது. அரசாங்க லாரிகள் பின்னால்தான் வந்தன. நாகூரில் அற்புதக் கதை கேட்கப் போகிற பயணிக்குக் கண்ணாடிக் கதையைச் சொல்ல நூறு பேர் இருக்கிறார்கள். குழி வெட்டியவர்கள் தாமாக எதுவும் சொல்வதில்லை. கேட்டால், "அது செய்ய வேண்டியதுதானே" என்பதோடு பேச்சு முடியும்.

நாகப்பட்டினத்துக்கு அழிவும் புதிதில்லை. ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய மன்னன் இங்கே சூடாமணி விகாரை எழுப்பினான். ஆனைமங்கலம் என்ற ஊரே அதற்குத் தானமாகப் போனது. அந்த விகாரையின் கடைசி மிச்சத்தை 1867-ல் இடித்தார்கள். கடல் இல்லை, மனிதர்கள். பூமிக்கடியிலிருந்து கிடைத்த புத்தர் படிமங்கள் இப்போது உலக அருங்காட்சியகங்களில் பிரிந்து கிடக்கின்றன.

இந்த ஊரின் உண்மையான தலைமகன் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் அதிபத்தர்தான். அறுபத்துமூவரில் ஒருவர், நுளைப்பாடியின் பரதவர் தலைவர். வலையில் விழும் மீன்களில் ஒன்றைச் சிவனுக்கென்று கடலிலேயே விட்டுவிடுவது அவர் வழக்கம். பிறகு மீன்பாடு குறைகிறது. ஒரு நாள் ஒரே ஒரு மீன். அதையும் விடுகிறார். மறுநாளும் ஒன்றுதான், அதையும் விடுகிறார். வீட்டில் பட்டினி, உடம்பு மெலிகிறது. கடைசியில் வருவது பொன்னும் மணியும் இழைத்த மீன். அதுவும் ஒன்றுதான் என்பதால் அதுவும் கடலுக்கே போகிறது. சேக்கிழார் சொல்லும் இந்தக் கதையில் பொன்மீனைத்தான் எல்லோரும் பேசுவார்கள். மீனவர்களுக்குத் தெரியும், கடினம் அதற்கு முந்தைய நாட்கள். பொன்மீனை விடுவதற்கு ஒரு நொடி வைராக்கியம் போதும். அடுப்பு எரியாத வீட்டை மனதில் வைத்துக்கொண்டு ஒற்றைச் சங்கராவை விடுவது வேறு. டீசல் காசுக்குக்கூட மீன்பாடு இல்லாமல் திரும்பும் படகை அக்கரைப்பேட்டைத் துறைமுகத்தில் ஒரு முறை பார்த்தவருக்கு இது விளங்கும்.

அதிபத்தரின் நினைவாக ஆவணி ஆயில்யத்தில் காயாரோகணசுவாமி கடற்கரைக்கு எழுந்தருள, மீனவர்கள் தங்கத்திலும் வெள்ளியிலும் செய்த மீனைப் படகில் கொண்டுபோய்க் கடலில் விடுகிறார்கள். தாரை தப்பட்டை, வெடி, கரையெல்லாம் ஜனம். சுனாமி வாரிக்கொண்டு போன குப்பங்களும் இதே கரையில்தான் இருக்கின்றன. கீச்சாங்குப்பத்திலும் அக்கரைப்பேட்டையிலும் நம்பியார் நகரிலும் சாவு விழாத வீடு அரிது. துறைமுகத்து விசைப்படகுகள் சாலையில் கவிழ்ந்து கிடந்தன. நிவாரணம் வந்தபோது பல குப்பங்களில் ஊர்ப் பஞ்சாயத்து அதை மொத்தமாக வாங்கித் தலைக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரித்தது. அதிகம் இழந்தவருக்கும் கொஞ்சம் இழந்தவருக்கும் ஒரே பங்கா என்று வெளியிலிருந்து வந்த தொண்டு நிறுவனங்கள் தலையைச் சொறிந்தன. கணவனை இழந்த பெண்களின் பங்கு சில இடங்களில் உண்மையிலேயே அடிபட்டது; ஊர்க் கட்டுப்பாட்டைப் புகழ்கிறவர்கள் அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் வலையில் விழுந்ததைப் பங்கு போட்டே பழகிய ஊருக்கு வேறு கணக்குத் தெரியாது.

எல்லாப் பிள்ளைகளையும் இழந்த தாய்மார்களில் பலர் முன்பே குடும்பக் கட்டுப்பாடு அறுவை செய்துகொண்டவர்கள். அதை மாற்றிக் கருக்குழாயை மீண்டும் இணைக்கும் அறுவைக்குத் தமிழக அரசு செலவை ஏற்றது. எல்லோருக்கும் பலிக்கவில்லை. பலித்தவர்களின் பிள்ளைகள் இன்று கல்லூரி வயதில் இருக்கிறார்கள். சிலருக்கு இறந்துபோன அண்ணன், அக்காவின் பெயரே இருக்கிறது. சுனாமி குடியிருப்பின் வீடுகளில் ஒரே பெயருக்குச் சுவரில் மாலை போட்ட படமும் ஆதார் அட்டையும் இருப்பதைக் காணலாம். அந்த வீட்டுத் தாய்மார்கள் டிசம்பர் 26 அன்று கடலில் பால் ஊற்றுகிறார்கள். கோபம் இல்லையா என்று கேட்பது வெளியூர்க்காரர்களின் வழக்கம். இருக்கிறது. "இவ எடுத்தது போதாதா?" என்று கடலைப் பார்த்துத் திட்டிக்கொண்டே ஊற்றுகிறவர்களும் உண்டு. சாமியிடம் பேசாமல் ஒதுங்கியவர்களைவிட, சாமியைத் திட்டுகிறவர்களே கரையில் அதிகம்.

நாகப்பட்டினத்துக்குத் தெற்கே சாலையில் காவி உடுத்திய கூட்டம் தென்பட்டால் அது சபரிமலைக்குப் போகும் கூட்டம் என்று நினைத்துவிடக் கூடாது. ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்கும் செப்டம்பர் 8 பெருவிழாவுக்கும் இடையில் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் இவர்கள். சின்னத் தேர் ஒன்றை இழுத்துக்கொண்டு, செருப்பில்லாமல், வாரக்கணக்கில் நடக்கிறார்கள். மொட்டை போட்ட தலை, சேலை கட்டிய மாதா, மல்லிகை மாலை. பால் கொண்டுபோன ஆயர் சிறுவனுக்கும், நடுத்திட்டில் மோர் விற்ற கால் ஊனமான சிறுவனுக்கும் காட்சி தந்தவள். புயலில் சிக்கிய போர்ச்சுக்கீசிய மாலுமிகளைக் கரை சேர்த்தவளும் அவளே. நன்றிக்கு அவர்கள் கட்டியதுதான் இன்று பசிலிக்காவாக வளர்ந்திருக்கிறது. விவிலியக் காட்சிகள் தீட்டிய பீங்கான் தட்டுகளைப் பலிபீடத்தில் பதித்ததும் அவர்கள்தான். பூம்புகாரில் மணிமேகலா தெய்வம், நாகூரில் ஆண்டவர், இங்கே ஆரோக்கிய மாதா. நூறு கிலோமீட்டருக்குள் மூன்று மதங்கள், மூன்று கப்பல்கள்.

சுனாமி அன்று பசிலிக்காவில் திருப்பலி. உள்ளே ஆயிரக்கணக்கானோர். தண்ணீர் ஆலயத்துக்குள் வரவில்லை. அதைவிடத் தள்ளி இருந்த பேருந்து நிலையம் வரை வெள்ளம் போனது. இதை அற்புதம் என்று சொல்லும் சிறு புத்தகங்களும் சிடிகளும் கடைத்தெருவில் விற்றன. அன்று உள்ளே இருந்து பிழைத்தவர் அதை அற்புதம் என்று சொல்வதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் கோயிலுக்கும் கடலுக்கும் நடுவே கடை வைத்திருந்தவர்களும், பூசை முடிந்து கடலில் கால் நனைக்கப் போன யாத்ரீகர்களும் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். அவர்களும் அதே மாதாவைத் தேடி வந்தவர்கள். கேரளத்திலிருந்து இரவெல்லாம் பயணம் செய்து வந்து இறங்கியவர்களும் அதில் உண்டு. ஊர் பேர் தெரியாமலே பலரைக் கூட்டமாகப் புதைத்தார்கள்.

1755 நவம்பர் 1, சகல புனிதர் திருநாள். அந்த மாலுமிகளின் தலைநகரமான லிஸ்பனில் நிலநடுக்கம் வந்தபோது கோயில்கள்தான் நிரம்பியிருந்தன. கூரைகள் வழிபட்டுக்கொண்டிருந்தவர்கள் மேலேயே விழுந்தன. பிறகு கடல் வந்தது, பிறகு தீ. கடவுள் நல்லவர், உலகம் ஒழுங்காக நடக்கிறது என்று எழுதிக்கொண்டிருந்த ஐரோப்பிய அறிஞர்களை வோல்தேர் கிழித்துத் தொங்கவிட்டது அதன் பிறகுதான். லிஸ்பனில் உள்ளே இருந்தவர்கள் போனார்கள், வேளாங்கண்ணியில் வெளியே இருந்தவர்கள் போனார்கள். யார் எங்கே நின்றார்கள் என்பதை வைத்துக் கடவுளின் மனதைப் படிக்க முயன்றால், ஒரு கரையில் வந்த விடை அடுத்த கரையில் தலைகீழாகிறது.

சொல்லப்போனால் பசிலிக்காவே அந்த முயற்சியில் இறங்கவில்லை. ஆண்டுதோறும் டிசம்பர் 26 அன்று இறந்தவர்களுக்காகத் திருப்பலி நடக்கிறது. எல்லா மதத்தவரும் கலந்துகொள்ளும் பிரார்த்தனையோடு நினைவிடத்துக்கு ஊர்வலம் போகிறார்கள். காணிக்கைப் பொருள்களைக் காட்சிக்கு வைத்திருக்கும் கூடத்தில் கேட்டது கிடைத்தவர்களின் நன்றிதான் கண்ணாடிப் பெட்டி நிறைய இருக்கிறது: வெள்ளித் தொட்டில், வெள்ளி வீடு, ஸ்டெதாஸ்கோப், கடிதங்கள். நாகூரில் பார்த்த அதே பாய்மரப் படகும் இருக்கிறது. கிடைக்காதவர்களுக்கு அங்கே பெட்டி கிடையாது. ஆனால் அவர்களும் வருகிறார்கள், கடலில் ஆளைப் பறிகொடுத்த வீட்டார் உட்பட. மாதா குளத்துக்குப் போகும் மணல் பாதையில் முழங்காலிட்டு நகர்கிறவர்களில் யார் நன்றிக்கு வந்தவர், யார் வழக்காட வந்தவர் என்று பக்கத்தில் நடக்கிறவரால் கண்டுபிடிக்க முடியாது.

அந்தப் பாதையின் ஓரத்தில் தென்னங்கன்று விற்கிறார்கள். மாதாவுக்குக் காணிக்கை. கன்றைத் தோளில் சாய்த்துக்கொண்டு, வேரில் ஒட்டிய மண் சேலையில் கொட்டக் கொட்டப் போகிறார் ஒரு பாட்டி.

வேளாங்கண்ணியைத் தாண்டி வேதாரண்யம் போகும் சாலையில் தென்னைகளைப் பார்த்தால் வயது தெரியும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரை கடந்த தடம் இது. பெரிய மரங்கள் லட்சக்கணக்கில் வேரோடு சாய்ந்தன. ஒரு தலைமுறை வளர்த்ததை ஒரே இரவில் இழந்தவர்கள் வங்கிக் கடனை முன்னால் வைத்துக்கொண்டு மறுபடி குழி வெட்டினார்கள். தென்னை காய்க்க ஐந்தாறு ஆண்டு ஆகும். அப்போது நட்டவை இப்போதுதான் பாளை விட்டுக் குலை தள்ளுகின்றன. கைக்கு எட்டும் உயரம்தான். தேங்காயைத் தரையில் நின்றபடியே பறித்துவிடலாம்.